டயரைக் கவனியுங்கள்!

கார் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், சாலையைத் தொடுவது 4 டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் தரையில் பதிவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே! குடும்பத்தின் உயிர் அதை நம்பி இருக்கிறது.

காற்று

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காற்று குறைந்தால், டயரின் பக்கங்கள் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடு ஏறும். டயர் வெடிக்கவும் கூடும்.

எவ்வளவு காற்று வேண்டும்? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு சீட்டு ஒட்டி இருக்கும். அதில் அளவு இருக்கும்.

மாதம் ஒரு முறை, கார் ஓடுவதற்கு முன்பு அளந்து பாருங்கள். ஓடிய பிறகு அளந்தால், சூட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

தேய்மானம்

இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், "வீல் அலைன்மென்ட்" சரியில்லை.

பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால், ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். உடனே மாற்றிவிடுங்கள்.

வயது

அதிகம் ஓடாத டயரும் நாளடைவில் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கத்தில் 4 இலக்க எண்ணைப் பாருங்கள். "2319" என்றால், 2019-ம் ஆண்டு 23-வது வாரத்தில் செய்தது.

ஓடும்போது வெடித்தால்?

பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள்! ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் குறைந்ததும் ஓரமாக நிறுத்துங்கள்.

பிறகு கை கொடுப்பது "ஸ்டெப்னி"தான். அதிலும் காற்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்!