பெட்டிக்குள் ஒரு பூனை: அன்றும் இன்றும்

1944 பிப்ரவரி 25. ஜெர்மனியின் ஔக்ஸ்பர்க் நகர அரங்கில் ஒரு சின்னப் பொம்மலாட்ட மேடை. அதைச் செய்தவர் அந்த அரங்கின் நாடக இயக்குநர் வால்டர் ஓமிஷென். ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார். அன்றிரவு விழுந்த குண்டுகளில் அரங்கோடு சேர்ந்து மேடையும் எரிந்தது. பொம்மைகள் பிழைத்தன.

நான்கு வருஷம் கழித்து, 1948 பிப்ரவரி 26 அன்று, குடும்பமாக உழைத்து ‘ஔக்ஸ்பர்கர் புப்பென்கிஸ்ட’ என்ற பொம்மலாட்ட அரங்கைத் திறந்தார். மேடையின் முகப்பே ஒரு மரப்பெட்டி மூடிதான்; அது இரண்டாகத் திறந்தால் கதை தொடங்கும். முதல் கதை ‘பூட்ஸ் போட்ட பூனை’. மாவு மில்காரரின் கடைசி மகனுக்குச் சொத்தாகக் கிடைப்பது ஒரு பூனை மட்டுமே. அதன் சாமர்த்தியத்தால் அவன் பிரபுவாகிறான். இடிபாடுகளுக்கு நடுவே, ரேஷன் அட்டையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை ஏது?

பெட்டி சீக்கிரமே வீடுகளுக்குள்ளும் போனது. 1953 ஜனவரியில் ‘பீட்டரும் ஓநாயும்’ தொலைக்காட்சியில் நேரலையாக வந்தது. 1961இல் ‘ஜிம் க்னோப்ஃப்’ தொடர். அதில் கடல் என்பது அசைக்கப்படும் பிளாஸ்டிக் தாள். பார்த்த பிள்ளைகள் அதைக் கடலென்றே ஏற்றுக்கொண்டார்கள்.

இன்றும் அரங்கு, தான் தொடங்கிய அதே பழைய ஹைலிக்-கைஸ்ட் மருத்துவமனைக் கட்டடத்தில்தான் இயங்குகிறது. 2001 முதல் அங்கேயே அருங்காட்சியகமும் உண்டு. 1992இல் பொறுப்பு ஓமிஷெனின் பேரன் கிளவுஸ் மார்ஷலிடம் வந்தது. குரல்களை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். ஆட்டுபவர்களின் கவனம் முழுக்கக் கைகளில்.

பெரிய மாற்றம் பார்வையாளர் வரிசையில். அன்று பிள்ளைகளுக்கு எல்லாமே புதுசு. இன்று பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிவரும் தாத்தா பாட்டிகள் பிளாஸ்டிக் கடலை டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள். பாதி டிக்கெட் அவர்களுடைய ஏக்கத்துக்குத்தான் விற்கிறது என்று தோன்றும். அருங்காட்சியகத்துக்கு அந்த ஏக்கம் போதும். மேடைக்குப் போதாது. ஐந்து வயதுப் பேத்திக்கு 1961 ஒரு பொருட்டே இல்லை.

அவளை நம்பவைப்பது இன்றும் பழைய வித்தைதான். மேலே கட்டையைப் பிடித்திருப்பவர் கை கொஞ்சம் உயர்ந்தால் பூனை மிதக்கும். தாழ்ந்தால் முழங்கால் மடங்கும். பாதம் தரையில் பதிந்து, உடம்பின் கனம் அந்தக் காலுக்கு மாறி, அப்புறம் அடுத்த கால் எழும்பினால்தான் அது நடை. நூல் நன்றாகவே தெரியும். மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்று பஞ்சத்தில் திறந்த பெட்டிக்கு இன்று போட்டி, கையடக்கத் திரையில் கொட்டிக் கிடக்கும் கார்ட்டூன்கள். அங்கே எல்லாம் முழுசாக வரைந்தே கிடைக்கிறது; இங்கே பாதியைப் பிள்ளைதான் போட்டு நிரப்ப வேண்டும். பூனைக்கு இன்னும் வேலை இருப்பது அதனால்தான்.