விலைப்பட்டியலில் இல்லாத தேதி

பத்து இருபது கணினிகளைக் கொண்டு கணக்கு, சரக்கிருப்பு, பில் ஆகியவற்றை நடத்தும் ஒரு சிறு நிறுவனம், தன் கோப்புகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்து அனைவருக்கும் பகிர்ந்தளிக்க நிறுத்தியிருக்கும் பொதுக் கணினியே சர்வர் அல்லது வழங்கி எனப்படுகிறது. அந்த வன்பொருளை வாங்கும்போது நான்கு இடங்களில் விலை கேட்கும் உரிமையாளர்கள், அதன்மேல் அமர்ந்து அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மட்டும் விற்பனையாளரின் சொல்லை நம்பியே ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் அந்தத் தேர்வு நல்லதா என்பதை விலைப்பட்டியலில் இடம்பெறாத இரண்டு செய்திகளே முடிவு செய்கின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும் என்பது ஒன்று. அவற்றை உரிய நேரத்தில் நிறுவப்போகிறவர் யார் என்பது மற்றொன்று.

மென்பொருளே முதல் கேள்வி

இயங்குதளம் தனக்காக வாங்கப்படுவதில்லை. அதன்மேல் ஓடவேண்டிய மென்பொருளுக்காகவே வாங்கப்படுகிறது. தமிழ்நாட்டுச் சிறுதொழில்களில் பரவலாகப் பயன்படும் டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது என்பதால், அதனை வழங்கியிலேயே இயக்கி ஊழியர்கள் தொலைவிலிருந்து நுழையவேண்டிய நிறுவனத்திற்கு விண்டோஸ் சர்வர் இயல்பான வழியாகிறது. இணையதளம், தரவுத்தளம், கோப்புப் பகிர்வு ஆகியவை மட்டுமே தேவைப்படும் இடத்தில், எவரும் மூலநிரலைப் பார்க்கவும் மாற்றவும் உரிமை தரும் லினக்ஸ் குடும்பம் அதே பணியை உரிமக் கட்டணம் இன்றிச் செய்துமுடிக்கிறது. ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992இல் தொடங்கிய சாம்பா என்னும் மென்பொருள், லினக்ஸ் வழங்கியில் உள்ள கோப்புறையை விண்டோஸ் கணினிகளுக்கு அவற்றின் சொந்த மொழியிலேயே காட்டுவதால், கோப்பைத் திறக்கும் ஊழியருக்கு வேறுபாடே தெரிவதில்லை.

பதினாறு கோர் கணக்கு

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமம், கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகுகளான கோர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு வழங்கிக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் பெறவேண்டும் என்பது விதி. எனவே 8 கோர் மட்டுமே உள்ள சிறிய வழங்கியை வாங்கியவரும் 16 கோருக்கே பணம் கட்டுகிறார். அதன் பின்னர், வழங்கியை அணுகும் ஒவ்வோர் ஆளுக்கோ ஒவ்வொரு கருவிக்கோ ‘கேல்’ எனப்படும் அணுகல் உரிமம் தனியே வேண்டும். மூன்று ஷிப்டுகளில் மூவர் மாறிமாறி அமரும் ஒரே பில் கணினிக்கு ஆள்கணக்கில் மூன்று உரிமங்கள் தேவைப்படும். கருவிக்கணக்கில் ஒன்றே போதும். தொலைவிலிருந்து திரையை இயக்கும் வசதிக்கான அணுகல் உரிமம் இவற்றில் அடங்காது.

இதற்கு மாறாக, எசென்ஷியல்ஸ் பதிப்பு 25 பயனர்கள், 50 கருவிகள் என்ற எல்லைக்குள் அணுகல் உரிமம் இன்றியே இயங்குகிறது. கோப்பையும் பிரிண்டரையும் பகிர்வதோடு தேவை முடிந்துவிடும் நிறுவனத்திற்கு வழங்கிக்கான இயங்குதளமே வேண்டியதில்லை. சாதாரண விண்டோஸ் 11 ப்ரோவின் உரிமமே 20 கருவிகள் வரை அவ்வாறு அணுக இடமளிக்கிறது.

வாக்குறுதியின் ஆயுள்

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் லினக்ஸுக்குச் செலவே இல்லை என்று கொள்வது பிழை என்பதற்குச் சென்ட்ஓஎஸ் வரலாறு சான்றாகிறது. கட்டணச் சந்தாவுடன் வரும் ரெட் ஹாட் லினக்ஸுக்கு இணையான இலவச வடிவமாக உலகெங்கும் வழங்கிகளில் அமர்ந்திருந்த அதன் 8ஆம் பதிப்பு, 2029 வரை பராமரிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் நிறுவப்பட்டது. ஆனால் 2021 டிசம்பர் 31உடன் அது முடிவுறும் என்று 2020 டிசம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டதால், புதியதற்கு மாறியவர்கள் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மீண்டும் மாறவேண்டியதாயிற்று. பழைய 7ஆம் பதிப்பிலேயே தங்கியவர்களுக்கோ 2024 ஜூன் 30 வரை திருத்தங்கள் கிடைத்தன. அந்த வெற்றிடத்தை நிரப்பவே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் 2021இல் தோன்றின.

ஆகவே பதிப்பைத் தேர்வதென்பது ஆண்டுகளைத் தேர்வதாகும். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவந்து ஐந்தாண்டுகள் பராமரிக்கப்படுகிறது. தன்னார்வலர்கள் 1993 முதல் நடத்திவரும் டெபியனும் முழு ஆதரவு மூன்றாண்டு, நீட்டித்த ஆதரவு இரண்டாண்டு என ஐந்தாண்டு தருகிறது. விண்டோஸ் சர்வருக்கு ஏறத்தாழ பத்தாண்டு என்பது வழக்கம். ஆயினும் அந்தப் பத்தாண்டு வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகிறதேயன்றி வாங்கிய நாளிலிருந்து அன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று இன்று 2019 பதிப்பை வாங்குபவருக்கு 2029 ஜனவரி 9க்குப் பின் இலவசத் திருத்தம் வராது.

கையின் கடமை

திருத்தம் வெளிவருவது வேறு, அது நிறுவப்படுவது வேறு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் தீம்பொருள், விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையின் வழியே நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. லினக்ஸ் தரப்பும் இதில் பெருமை கொள்வதற்கில்லை. ஏழாண்டுகளாகச் சாம்பாவில் ஒளிந்திருந்த கடுமையான ஓட்டை ஒன்று, அதே மே மாதம் 24ஆம் நாள்தான் அடைக்கப்பட்டது.

ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருபவர் எந்த இயங்குதளத்தை அறிந்திருக்கிறாரோ, அதுவே அந்த ஊரில் அந்த நிறுவனத்திற்குப் பொருத்தமானது. லினக்ஸ் அறிந்தவர் அடுத்த மாவட்டத்தில் இருப்பாரானால், சேமித்த உரிமக் கட்டணத்தை வழங்கி நின்றுபோகும் ஒரு நாளின் இழப்பே விழுங்கிவிடக்கூடும். வழங்கிக்கு வெளியே நாள்தோறும் எடுத்துவைக்கும் பேக்கப், எந்த இயங்குதளத்திற்கும் விலக்கில்லாத தேவை. பதிவுபெற்ற கம்பெனிகள் மின்னணுக் கணக்கேடுகளின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள வழங்கியில் நாள்தோறும் வைக்கவேண்டும் என்று 2022 முதல் விதியே உள்ளது.

சொத்துப் பதிவேட்டில் வழங்கியை வாங்கிய நாளுக்கு அருகிலேயே அதன் இயங்குதளத்திற்கான ஆதரவு முடியும் நாளையும், திருத்தங்களை நிறுவும் பொறுப்பாளரின் பெயரையும் எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த இரண்டு கட்டங்களையும் நிரப்ப முடியாத இயங்குதளம், விலை எவ்வளவு குறைந்ததாயினும், அந்த நிறுவனத்திற்கு உரியதன்று.