இயந்திரம் நம் சொல் கேட்குமா? 1965லேயே கேட்ட கணித வல்லுநர்

கைப்பேசியில் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு நம் வீடுகளுக்குள் வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு அதன் உதவியை நாடுகிறார்கள். பெரியவர்கள் கடிதம் எழுத அதைக் கேட்கிறார்கள். இது ஒருநாள் நம் கையை மீறிப் போய்விடுமோ என்ற கவலையும் கூடவே வந்திருக்கிறது.

அந்தக் கவலையை 1965ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் பிரிட்டிஷ் கணித வல்லுநர் ஐ.ஜே. குட்.

ஹார்டியின் மாணவர்

குட் 1916ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஜி.எச். ஹார்டி. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கடிதத்தைப் படித்துவிட்டு, அவரை 1914ல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவரும் இதே ஹார்டிதான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941ல், குட் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய நிலையத்தில் சேர்ந்தார். ஜெர்மானியக் கடற்படை 'எனிக்மா' இயந்திரத்தால் குறியீடாக்கி அனுப்பிய செய்திகளை அங்கு உடைத்துப் படித்தனர். குட் வேலை செய்த பிரிவுக்குத் தலைவர் ஆலன் டியூரிங். பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களின் பாதுகாப்பு இவர்களின் கணக்கை நம்பியிருந்தது.

காணாத மீனுக்கும் கணக்கு

குறியீடுகளை உடைக்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. இதுவரை கண்ணில் படாத ஒரு குறி அடுத்து வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? காணாத ஒன்றை எப்படிக் கணக்கிடுவது?

டியூரிங் ஒரு வழி கண்டார். அதை வளர்த்து 1953ல் கட்டுரையாக வெளியிட்டவர் குட்.

அதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஆற்றில் 100 மீன்கள் பிடிக்கிறோம். அவற்றில் 10 வகைகளில் ஆளுக்கொரு மீன்தான் சிக்கியது. மற்ற வகைகள் பலமுறை சிக்கின. அடுத்த மீன் இதுவரை காணாத வகையாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒரே முறை சிக்கிய வகைகளின் எண்ணிக்கையை மொத்த மீன்களால் வகுத்தால் போதும். நூற்றுக்குப் பத்து. ஒற்றையாகச் சிக்கியவை அதிகம் என்றால், இன்னும் சிக்காதவையும் அதிகம் என்று பொருள்.

'குட்–டியூரிங்' முறை எனப்படும் இது, பின்னாளில் கணினிக்குப் பேச்சையும் மொழியையும் புரியவைக்கும் பணியிலும் பயன்பட்டது.

கடைசிக் கண்டுபிடிப்பு

1965ல் வெளியான கட்டுரையில் குட் எளிய வாதம் ஒன்றை வைத்தார். இயந்திரத்தை வடிவமைப்பதும் ஓர் அறிவு வேலை. மனிதனை எல்லா அறிவு வேலைகளிலும் மிஞ்சும் இயந்திரம் வந்தால், அது தன்னைவிடச் சிறந்த இன்னொன்றை உருவாக்கும். அது மேலும் சிறந்த ஒன்றை உருவாக்கும். இதை அவர் 'நுண்ணறிவு வெடிப்பு' என்றார்.

அப்படிப்பட்ட முதல் இயந்திரமே மனிதன் செய்யவேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு என்று சொன்ன குட், ஒரு நிபந்தனையும் சேர்த்தார். தன்னைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி என்று நமக்குச் சொல்லித்தரும் அளவுக்கு அது பணிவுள்ளதாக இருக்கவேண்டும்.

இன்று 'செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு' என்று வளர்ந்திருக்கும் துறையின் மையக் கேள்வி அந்த நிபந்தனைதான்.

அந்தக் கட்டுரையைத் தொடங்கும்போது, மனிதகுலம் பிழைத்திருக்க இத்தகைய இயந்திரம் விரைவில் தேவை என்று குட் எழுதியிருந்தார். முதுமையில், 1998ல், அந்த எண்ணம் மாறியது. பிழைப்புக்கு அல்ல, அழிவுக்கே அது வழிவகுக்குமோ என்று ஐயப்பட்டார்.

வகுப்பறையில்

1967ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்ற குட், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து 1994ல் ஓய்வுபெற்றார். எந்த முடிவையும் ஒரே சான்றை வைத்து எடுக்காமல், ஒவ்வொரு சான்றுக்கும் எடை போட்டுக் கூட்டிப் பார்ப்பது அவர் வாழ்நாள் முழுதும் வளர்த்த சிந்தனை. அதன் வேர் போர்க்கால வேலையில் இருந்தது. ஆனால் அந்த வேலை 1970கள் வரை அரசாங்க ரகசியமாக இருந்ததால் அவரால் வெளியே சொல்ல முடியவில்லை. 2009ல் தமது 92ஆம் வயதில் காலமானார்.

2023 நவம்பரில், செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்புக்கான முதல் அனைத்துலக உச்சநிலை மாநாடு அதே பிளெட்ச்லி பார்க்கில் நடந்தது. சிங்கப்பூர், இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கூட்டறிக்கையை ஏற்றன.

குட் விதித்த நிபந்தனைக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடுவோருக்கு அன்றாடக் கருவி நிகழ்தகவு. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக் கணிதப் பாடத்தில் படிக்கிற அதே நிகழ்தகவு. 'இதைப் படித்து என்ன பயன்?' என்று அவர்கள் கேட்டால், குட்டின் கதையைச் சொல்லலாம்.