செருப்பைக் கடிக்கும் நாய்க்குட்டி: என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருக்கும். அதற்குள் இரண்டு ஜோடி செருப்பு, ஒரு சார்ஜர் வயர், மிதியடியின் ஒரு மூலை, சோபாவின் ஒரு கால் என்று சேதக் கணக்கு ஏறியிருக்கும். "பேசாமல் இதை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்று வீட்டில் ஒருவராவது சொல்லியிருப்பார். அந்த முடிவுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். குட்டி கடிக்கத்தான் செய்யும். எதைக் கடிக்கலாம் என்று அதற்குக் கற்றுக்கொடுப்பது உங்களால் முடிகிற காரியம்.

ஏன் இப்படிக் கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது?

முதல் காரணம் பல். நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள் உண்டு. சுமார் நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் முளைத்துவிடும். இடைப்பட்ட காலம் முழுவதும் ஈறு நமநமவென்று ஊறும், வலிக்கும். பல் முளைக்கும் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் வைத்துக் கடிக்கிறதே, அதே கதைதான். தரையில் அரிசி போல ஒரு பல் கிடந்தாலோ, கடித்த துணியில் லேசாக ரத்தக்கறை தெரிந்தாலோ பயப்பட வேண்டாம். பல பற்களைக் குட்டியே விழுங்கிவிடும், அதனாலும் கெடுதல் இல்லை.

இரண்டாவது காரணம், குட்டிக்குக் கை கிடையாது. ஒரு பொருள் கெட்டியா, மெத்தென்று இருக்கிறதா, தின்னக்கூடியதா என்று அது வாயால்தான் தெரிந்துகொள்கிறது. இதோடு பசி, சலிப்பு, தனிமை, தூக்கக் குறைவு ஆகியவையும் சேர்ந்தால் கடி இரண்டு மடங்காகும்.

பல் முளைத்து முடிந்ததும் நின்றுவிடுமா?

சட்டென்று நிற்காது. ஏழெட்டு மாதத்தில் உடம்பும் தாடையும் வலுப்பெறும், துள்ளலும் கூடும். லாப்ரடார் போன்ற இனங்களில் ஒன்றரை வயது வரைகூடக் கடிக்கும் ஆசை இருக்கும். ஆனால் சரியாகப் பழக்கிய குட்டி, அந்த வயதில் தன் பொம்மையைத் தேடிப் போய்க் கடிக்கும். ஏழு மாதம் கடந்தும் பால்பல் விழாமல் புதுப்பல்லை ஒட்டி நின்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் இது அடிக்கடி நடக்கும்.

நான் வெளியே போன கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறதோ?

பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. "தப்பு செய்துவிட்டு எப்படித் திருட்டு முழி முழிக்கிறது பாருங்கள்" என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் தொடர்பே இல்லை. சொந்தக்காரர் திட்டும்போதுதான் அந்த முகம் வந்தது. ஒன்றும் செய்யாத நாய்கூடத் திட்டு வாங்கினால் அப்படித்தான் முழித்தது. நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது உண்மையில் நம்மைப் பார்த்து வரும் பயம்.

இரண்டு அடி போட்டால் திருந்தாதா?

திருந்தாது. காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், எதற்கு அடி விழுகிறது என்றே குட்டிக்குப் புரியாது. கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும், நீங்கள் இருக்கும்போது கடிக்கக் கூடாது என்றுதான் புரிந்துகொள்ளும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்க் கடிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பிடுங்கி அடிப்பீர்கள் என்று தெரிந்தால், வாயில் இருப்பதை அவசரமாக விழுங்கிவிடும். மேலும், விலங்கை அடித்துத் துன்புறுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

குட்டியின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். அதன் வாய்க்கு எட்டுவது எல்லாம் அதன் சொத்து. செருப்பைக் கதவு போட்ட அலமாரிக்கு மாற்றுங்கள். வயர்களைச் சுவரோடு சேர்த்து மூடுங்கள், முடியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி மேலே வையுங்கள். திரைச்சீலையைச் சில மாதங்களுக்கு முடிந்து தூக்கிவிடுங்கள். குப்பைக்கூடைக்கு மூடி போடுங்கள்.

உயிருக்கே ஆபத்தானவை சில உண்டு. மாத்திரை அட்டை, பாச்சை உருண்டை, எலி மருந்து, கொசுவிரட்டி, கைக்கடிகாரத்தில் போடும் சின்ன பேட்டரி ஆகியவை எந்த நிலையிலும் எட்டக் கூடாது. சமையலறையில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் இதில் அடக்கம். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், சில பற்பசைகள் ஆகியவற்றில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) இருக்கும். அது கொஞ்சம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும். தொட்டியில் அரளிச்செடி இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள்.

மரச்சாமான்களை எங்கே தூக்கி வைப்பது என்கிறீர்களா? அவற்றில் பூசுவதற்கென்றே கசப்பு ஸ்பிரே செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. சிலர் மிளகாய்த்தூளைத் தடவச் சொல்வார்கள். வேண்டாம், குட்டியின் கண்ணும் மூக்கும் எரிந்து புண்ணாகும்.

கடிக்க எதைக் கொடுக்கலாம்?

கெட்டியான ரப்பர் பொம்மை நல்லது. வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகப் பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் அது பல்லை உடைக்கும் அளவுக்குக் கடினம். குட்டியின் வாய்க்குள் முழுதாக அடங்கிவிடும் அளவில் எதையும் வாங்காதீர்கள்.

செலவில்லாமலும் செய்யலாம். பழைய பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி, ஒரு முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். விறைத்ததும் கொடுத்தால் ஊறும் ஈறுக்கு இதமாக இருக்கும். நூல் பிரியத் தொடங்கினால் வாங்கி எறிந்துவிடுங்கள். குளிர்ந்த பெரிய கேரட்டும் கொடுக்கலாம், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பொம்மைகளை மொத்தமாகப் பரப்பாமல் இரண்டை வெளியே விட்டு, மற்றவற்றை ஒளித்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் சலிக்காது.

பழைய செருப்பைக் கொடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. பழையது எது, நேற்று வாங்கியது எது என்று அதற்குத் தெரியாது. வேகவைத்த எலும்பும் வேண்டாம், அது கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டையும் மக்காச்சோளத் தக்கையும் குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

வாயில் வைத்திருப்பதை எப்படி வாங்குவது?

துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தினால் அதற்கு அது விளையாட்டு. நாளைக்கும் உங்களை ஓடவைப்பதற்காகவே செருப்பைத் தூக்கும். பண்டமாற்றுச் செய்யுங்கள். முதலில் பொம்மையை வைத்துப் பழக்குங்கள். குட்டி பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றை அதன் மூக்கருகே கொண்டுபோங்கள். பொம்மையைக் கீழே போட்ட அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, துண்டைக் கொடுங்கள். பிறகு பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குட்டி தயங்காமல் விடும். தினமும் நாலைந்து முறை செய்யுங்கள். போகப்போகச் சொல்லை முன்னால் சொல்லிவிட்டுத் துண்டைப் பிறகு காட்டுங்கள்.

கை காலையும், புடவைத் தலைப்பையும் கடிக்கிறதே?

கடித்தவுடன் விளையாட்டை நிறுத்துங்கள். கத்தாமல், கையை உதறாமல் அப்படியே நின்றுவிடுங்கள். பொம்மையைக் கடித்தால் விளையாட்டைத் தொடருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அப்பா கையைக் கடிக்க விட்டுச் சிரித்து, பாட்டி கடித்தால் திட்டுவது என்றிருந்தால் குட்டி குழம்பிப்போகும்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான (ரேபிஸ்) தடுப்பூசியை வழக்கமாகக் குட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். ஊசி போடாத குட்டியின் பல் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும், "வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இதற்கான தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது.

களைத்துப்போகும்படி நன்றாக ஓடவிட்டால் சரியாகுமா?

ஓட்டம் வேண்டும், ஆனால் தூக்கம் அதைவிட முக்கியம். குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். சாயங்காலம் பைத்தியம் பிடித்தது போல ஓடி எல்லாவற்றையும் கடிக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் தூக்கம்தான் போதாமல் இருக்கும். அமைதியான மூலையில் கொண்டுபோய் விட்டால் சற்று நேரத்தில் கண் சொக்கிவிடும்.

தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் நடக்கவிடக் கூடாது, பார்வோ (ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கொடிய வைரஸ்) தொற்றிவிடும். அதுவரை வீட்டுக்குள்ளேயே மூக்குக்கு வேலை கொடுங்கள். சாப்பாட்டில் ஒரு பங்கை ஒரு துண்டுக்குள் தூவிச் சுருட்டி வைத்துத் தேடி எடுக்க விடுங்கள். அந்தத் தேடல் ஓட்டத்தைப் போலவே குட்டியைக் களைப்பாக்கும். மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு மூன்று, நான்கு வேளை உணவு வேண்டும். தயிர்சாதம் மட்டும் வளரும் உடம்புக்குப் போதாது. சுவரையும் மண்ணையும் விடாமல் தின்றால், குடற்புழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

பகலில் வீட்டில் யாரும் இல்லையே?

கடிக்கக் கூடாத பொருள் எதுவும் இல்லாத ஓர் இடத்தைக் கம்பித் தடுப்பால் ஒதுக்குங்கள். படுக்கை, தண்ணீர், பொம்மை அங்கே இருக்கட்டும். சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும், சலிப்பில் சங்கிலியையே கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஆகவே நடுவில் யாராவது ஒருவர் வந்துபோக ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் இல்லாதபோது மட்டும் கதவு, நிலைப்படியைப் பிறாண்டிக் கடித்து, எச்சில் வழிய ஊளையிட்டால் அது பிரிவுப் பதற்றமாக (தனியே விடப்படும் பயம்) இருக்கலாம். அதற்குப் பொம்மை போதாது, மருத்துவரின் ஆலோசனை வேண்டும்.

எதையாவது விழுங்கிவிட்டால்?

திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, வயிற்றைத் தொட்டால் வலியில் சுருள்வது, மலம் வராமல் முக்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே விஷமாகும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடல் அறுபடும். விஷப்பொருளோ, மாத்திரையோ, பேட்டரியோ என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். மின்வயரைக் கடித்து ஷாக் அடித்தால், முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குட்டியைத் தொடுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

இவ்வளவும் எத்தனை நாளைக்கு?

பல் முளைக்கும் மூன்று மாதம்தான் கடுமையானது. அதன் பிறகு உங்கள் பழக்கம் பலன் தரத் தொடங்கும். இந்த நாட்களில் பொறுமை இழந்து குட்டியைத் தெருவில் விடாதீர்கள். வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. வளர்த்த விலங்கைக் கைவிடுவதும் அதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். உண்மையாகவே முடியாவிட்டால், வளர்க்க ஒரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுங்கள். முடியும் என்றால், இன்று இரவு தூங்கப் போகும் முன் செருப்புகளை உள்ளே எடுத்து வையுங்கள், வயர்களைக் கழற்றுங்கள், ஒரு நனைந்த துண்டை ஃப்ரீசரில் வையுங்கள். நாளைக் காலையிலிருந்தே சேதம் குறையும்.