பாக்கின் மத்தேயு பாடுகள்: ஒலிப்பதிவுகளும் கேட்போர் தீர்ப்பும்

ஒரே இசைப் படைப்பைக் கேட்ட இருவர் மாறுபட்ட தீர்ப்பு வழங்குவது புதுமையன்று. ஆயினும், ஜோஹான் செபாஸ்தியான் பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் ஒலிப்பதிவுகளைக் குறித்து மேலை நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வாதத்தை வெறும் சுவை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. பெரும் பாடகர் குழு பாடிய பழைய பதிவைக் கேட்கும் ஒருவர், ஆராதனை என்றால் இதுவே என்கிறார். அதையே கேட்கும் இன்னொருவர், இது பாக்கின் இசையன்று, பிற்காலத்தாரின் கற்பனை என்கிறார். எட்டுப் பேரை முதன்மைப் பாடகராகக் கொண்ட புதிய பதிவு ஒருவருக்கு உயிருள்ள சாட்சியாகவும், மற்றவருக்குச் சதையற்ற எலும்புக்கூடாகவும் தோன்றுகிறது.

இவ்வாதத்தின் அடியில் கிடக்கும் கேள்வி இறையியல் பயில்வோர் நன்கு அறிந்த கேள்வியேயாகும். பழைய மூலம் ஒன்றுக்கு உண்மையாயிருத்தல் என்பது யாது? மூலத்தின் எழுத்தைக் காப்பதா, அது அன்று எழுப்பிய ஓசையை மீட்பதா, அல்லது அன்று அது கேட்போரிடம் செய்த வேலையை இன்றும் செய்ய விடுவதா? இம்மூன்றும் ஒன்றல்ல என்பதை இந்த ஒலிப்பதிவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1. முதல் கேட்போர்

பாக் 1723-ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் இசைப் பொறுப்பேற்றபோது நகர மன்றத்தாருக்கு எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டியிருந்தது. ஆலய இசை மிக நீண்டதாயிராமலும், ஆப்பெரா என்னும் இசை நாடகத்தின் சாயலைப் பெறாமலும், கேட்போரைப் பக்திக்கு ஏவுவதாயிருக்க வேண்டும் என்பது அவ்வுறுதிகளில் ஒன்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1727-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பெரிய வெள்ளி மாலை ஆராதனையில், தூய தோமா ஆலயத்தில் மத்தேயு பாடுகள் முதன்முறை பாடப்பட்டது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. இரண்டு பாடகர் குழுக்கள், இரண்டு கருவியிசைக் குழுக்கள், ஏறத்தாழ மூன்று மணி நேர இசை. இரு பகுதிகளுக்கும் நடுவே பிரசங்கம். நீளம் ஒருபுறமிருக்க, வசனத்தைப் பேச்சு நடையில் பாடுவதும், தனிக்குரல் பாடல்களும் ஆப்பெரா மேடையில் வளர்ந்த முறைகளே.

இத்தகைய இசையைப் பற்றிய கேட்போர் கருத்து ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. சாக்சனி நாட்டு ஆலயச் சடங்குகளைப் பற்றி 1732-இல் வெளிவந்த நூலில் கிறிஸ்தியான் கெர்பர் என்னும் போதகர், புது முறையிலான பாடுகளின் இசையைக் கேட்டுத் திகைத்த முதியவள் ஒருத்தி, ஆப்பெராவுக்கு வந்துவிட்டோமோ என்று அங்கலாய்த்ததைக் குறிப்பிடுகிறார். எந்த ஆலயம், யாருடைய இசை என்பதை அவர் சொல்லவில்லை. எனவே இது பாக்கைக் குறித்தது என்று கூறுதல் பொருந்தாது. எனினும் ஒன்று விளங்குகிறது. நாம் இன்று புனிதம் என்று மட்டும் கேட்கும் இசை நடையில், அந்நாளைய கேட்போர் சிலர் மேடையின் வாடையை உணர்ந்தனர். மூல ஓசையை மீட்டுவிட்டாலும் அந்த முதியவளின் செவியை மீட்க முடியாது.

2. பெருங்குழுவின் மரபு

பாக் 1750-இல் மறைந்தபின் இப்படைப்பு பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1829-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், இருபது வயதே ஆகியிருந்த பெலிக்ஸ் மெண்டெல்சோன் இதைப் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றினார். பாடினோர் ஏறத்தாழ 150 பேர். தனிக்குரல் பாடல்கள் பல நீக்கப்பட்டன. அரங்கேறிய இடம் ஆலயமன்று, இசை மன்றம். ஆராதனையின் பகுதியாகப் பிறந்தது அன்று முதல் கச்சேரிக்குரிய மாபெரும் படைப்பாயிற்று.

அம்மரபின் உச்சமாகப் பலர் கருதுவது ஆட்டோ கிளெம்பெரர் லண்டனில் பில்ஹார்மோனியா குழுவினரைக் கொண்டு 1960–61-இல் செய்த பதிவு. அது மூன்றரை மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது. தொடக்கப் பாடல் மட்டுமே ஏறத்தாழ 12 நிமிடம். பின்னாளைய பதிவுகள் பலவற்றில் அது ஏழு நிமிட அளவில் முடிந்துவிடும். கிளெம்பெரரின் நடை கல்லறை நோக்கிச் செல்லும் ஊர்வலத்தைப் போன்றது. இப்பதிவை நேசிப்போர், வேறெதிலும் இத்தகைய கனத்தைக் கண்டதில்லை என்பர். மறுப்போர், அக்கனம் பாக்கினுடையதன்று, கிளெம்பெரருடையது என்பர். இரு சாராரும் கேட்டது மெய்யே.

3. பழைய கருவிகளின் வருகை

1970-இல் நிக்கொலாஸ் ஹார்னன்கோர்ட் வெளிக்கொணர்ந்த பதிவு கேட்போரை இரு முகாம்களாகப் பிரித்தது எனலாம். பாக்கின் காலத்துக் கருவிகளைக் கொண்டு முழுப் படைப்பும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது அதுவே முதன்முறை. ஆட்டுக் குடலால் ஆன நரம்புகள் பூட்டிய வயலின்கள், சாவிகள் மிகக் குறைந்த மரப் புல்லாங்குழல்கள், இன்றைய சுருதிக்கு ஏறத்தாழ அரை சுரம் தாழ்ந்த சுருதி ஆகியவை அதன் இயல்புகள். லைப்சிக் ஆலயத்தில் பெண்கள் பாடாமையால், மேற்குரல்களைச் சிறுவரே பாடினர். பழகிய செவிகளுக்கு அது கரகரப்பாகவும் வறண்டதாகவும் பட்டது. வேறு சிலரோ, அழுக்கேறிய பழைய ஓவியத்தைத் துடைத்தபின் அதன் வண்ணங்களைக் கண்டவர்போல் மகிழ்ந்தனர்.

அடுத்த ஆண்டு தொடங்கி ஹார்னன்கோர்ட்டும் டச்சு இசைஞர் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டும் பாக்கின் ஆலயக் கந்தாத்தாக்களை ஒலிப்பதிவு செய்யும் பெரும்பணியைப் பகிர்ந்துகொண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் முடித்தனர். இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹார்னன்கோர்ட் 2000-ஆம் ஆண்டு மத்தேயு பாடுகளை மீண்டும் பதிவு செய்தபோது சிறுவர் இடத்தில் பெண்களைப் பாட வைத்தார். பாக்கின் காலத்தில் சிறுவரின் குரல் இன்றையினும் பல ஆண்டுகள் தாமதமாகவே உடைந்தது. ஆகவே பதினாறு, பதினேழு வயதுப் பயிற்சி பெற்ற சொப்ரானோ சிறுவர் அவருக்குக் கிடைத்தனர். இன்று அவர்கள் இல்லை. வரலாற்றின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்வதும் சில வேளைகளில் மூலத்தை விட்டு விலகுவதாகிவிடும்.

4. எத்தனை பேர் பாடினர்?

1981-இல் அமெரிக்க இசை அறிஞர் ஜோஷுவா ரிஃப்கின் இவ்வாதத்தை மேலும் கூர்மையாக்கினார். மத்தேயு பாடுகளின் முதல் அரங்கேற்றம் 1729 என்று முன்பு கருதப்பட்டதை 1727 என்று மாற்ற வழிகாட்டியவரும் அவரே. பாக்கின் ஆலய இசைக்கு எஞ்சியுள்ள குரற்பிரதிகளை ஆராய்ந்த அவர், பொதுவாக ஒவ்வொரு குரலுக்கும் ஒரே பிரதி இருப்பதையும், அப்பிரதியில் தனிப்பாடலும் குழுப்பாடலும் சேர்ந்தே எழுதப்பட்டிருப்பதையும் சுட்டிக்காட்டினார். ஒரு பிரதியைப் பலர் பகிர்ந்து பாடியதற்குப் போதிய சான்றில்லை. எனவே, பெரும்பாலான படைப்புகளில் குரலுக்கு ஒருவரே பாடினர் என்பது அவர் முடிவு.

எதிர்ப்பு உடனே எழுந்தது. 1730-இல் பாக் நகர மன்றத்தாருக்கு எழுதிய விண்ணப்பத்தில், ஒவ்வொரு குழுவிலும் குரலுக்கு மூவராவது வேண்டும், நால்வர் இருப்பின் நலம் என்று கேட்டிருப்பதை டான் கோப்மன் முதலிய மறுப்பாளர் எடுத்துக்காட்டினர். பாடகர் நோயுற்றால் மாற்று ஆள் வேண்டுமே என்பதற்காகக் கேட்ட எண்ணிக்கை அது, ஒரே வேளையில் பாடியோர் எண்ணிக்கையன்று என்பது ரிஃப்கின் சார்பினர் மறுமொழி. மூலபாட ஆய்வில் பழகிய நமக்கு இவ்விவாதத்தின் போக்கு அந்நியமாகத் தோன்றாது. ஒரே சான்று, இருவகை வாசிப்பு.

பால் மக்ரீஷ் 2003-இலும், ஸ்காட்லாந்தின் டனிடின் குழுவைக் கொண்டு ஜான் பட் 2008-இலும் இம்முறைப்படி மத்தேயு பாடுகளை வெளியிட்டனர். மாறாக, ஜப்பானில் மசாக்கி சுசுகி தமது பாக் கொலேஜியம் குழுவுடன் செய்த பதிவுகள் சிறிய பாடகர் குழுவைக் கொண்டவை. பிரான்சின் ரஃபயேல் பிஷோன் 2022-இல் வெளியிட்ட பதிவும் குழுவாகவே பாடப்படுகிறது.

5. ‘நான்’ என்பவர் யார்?

எண்ணிக்கையைப் பற்றிய இவ்வாதம் இறையியலைத் தொடும் இடம் ஒன்றுண்டு. எஞ்சியுள்ள பிரதிகளின்படி, சுவிசேஷகரின் வசனங்களைப் பாடும் டெனர் பாடகரே முதற் குழுவின் டெனர் பகுதியையும் பாடுகிறார். இயேசுவின் வார்த்தைகளைப் பாடும் பேஸ் பாடகரின் பிரதியிலேயே குழுவின் பகுதிகளும் எழுதப்பட்டுள்ளன. அதாவது, இயேசுவாகப் பாடியவரே சிலுவையில் அறையும்படி கூவும் கூட்டத்திலும் குரல் கொடுக்கிறார். பின்பு விசுவாசிகளின் ஞானப்பாட்டையும் பாடுகிறார். மேடை நாடகத்தில் இது குழப்பமாகும். ஆலயத்தில் இதுவே அறிக்கையாகிறது: குற்றவாளிகள் வேறு, பக்தர்கள் வேறு என்று பிரித்து வைக்க இவ்விசை இடம் கொடுப்பதில்லை.

ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் சொன்னதும் சீடர்கள் கலங்கி, அது தாமோ என்று வினவும் பகுதியில் இது உச்சம் பெறுகிறது. அவ்வினா 11 முறை ஒலிக்கிறது. யூதாஸ் நீங்கலாக ஒவ்வொரு சீடருக்கும் ஒன்று. அடுத்த கணமே ஞானப்பாட்டு ஒன்று, குற்றவாளி நானே என்று விடையளிக்கிறது. குரலுக்கு ஒருவர் பாடும் பதிவில், கேள்வி கேட்ட அதே மனிதர் விடையும் சொல்வதைக் கேட்கிறோம். பெருங்குழு பாடும் பதிவில் அவ்விடை முழுத் திருச்சபையின் வாக்காக எழுகிறது. முன்னது தனியாளின் மனச்சாட்சி. பின்னது சபையின் பாவ அறிக்கை. இரண்டுமே சுவிசேஷத்தின் நியாயமான வாசிப்புகள்.

இழப்பும் இல்லாமலில்லை. பரபாஸ் என்னும் ஒற்றைச் சொல்லை இரு குழுக்களும் கொடூரமான சுரக்கூட்டு ஒன்றில் கூவும் கணத்தில், எட்டுக் குரல்கள் ஒரு கும்பலின் வெறியைக் காட்டப் போதா என்று பலர் குறை கூறுகின்றனர். அக்குறையில் நியாயமுண்டு. மறுபுறம், இயேசு பேசும்போதெல்லாம் ஒளிவட்டம்போல் சூழ்ந்து நிற்கும் நரம்புக் கருவிகளின் இசை, கைவிடப்பட்டவராய்ச் சிலுவையில் அவர் கதறும் வேளையில் மட்டும் நின்றுவிடுவதைச் சிறு குழுவின் பதிவுகள் எளிதில் உணர்த்துகின்றன.

6. ஒலிப்பதிவு தராதது

பழமையை மீட்டோம் என்போரின் இசை, உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் வேகத்தையும் தெளிவையும் விரும்பும் சுவையையே காட்டுகிறது என்று அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் டாரஸ்கின் வாதிட்டார். அவர் கூற்றில் பெரும் உண்மை உண்டு. நம் காலத்திற்கு வெளியே நின்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் ஆய்வு வீண் என்பது இதன் முடிவாகாது. பழைய பிரதிகளை ஆராய்ந்ததனால்தான், நாமாகக் கற்பனை செய்திராத ஓசைகளும் பொருள்களும் வெளிப்பட்டன. மூலமொழி ஆய்வு பிரசங்கியைப் புதிதாகக் கேட்க வைப்பது போன்றதே இது.

எந்தப் பதிவும் தர முடியாதவை உள. பாடுகளின் நடுவே நின்ற பிரசங்கம் அவற்றில் இல்லை. ஜான் பட் 2013-இல் வெளியிட்ட யோவான் பாடுகள் பதிவு, ஆர்கன் இசையும் சபைப் பாடல்களும் சேர்த்து ஆராதனை ஒழுங்கை மீட்க முயன்றது; அங்கும் நாம் வெளியிலிருந்து கேட்போரே. மேலும், பாக்கின் சபையார் ஆண்டுக்கு ஒரு முறை பெரிய வெள்ளியன்று கேட்டதை, நாம் விரும்பிய நாளில், விரும்பிய இடத்தில் நிறுத்திக் கேட்கிறோம். இம்மாற்றத்தின் முன் குடல் நரம்பும் எஃகு நரம்பும் சிறிய வேறுபாடுகளே.

முடிவுரை

எந்தப் பதிவு சரியானது என்னும் வினாவுக்கு ஆய்வு ஓரளவே விடை தரும். போதகரும் இறையியல் மாணவரும் அதனுடன் வேறொரு வினாவையும் சேர்த்தல் நலம்: இப்பதிவு என்னை யாருடைய இடத்தில் நிறுத்துகிறது? சீடர்கள் வினவும் அப்பகுதியையும் அடுத்து வரும் ஞானப்பாட்டையும் கிளெம்பெரர், ஹார்னன்கோர்ட், மக்ரீஷ் ஆகிய மூவரின் பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்பது சில நிமிட வேலையே. பாடுகளினூடே ஐந்து முறை திரும்பி வரும் இரத்தமும் காயமும் நிறைந்த சிரசைப் பற்றிய ஞானப்பாட்டின் மெட்டு, நம் தமிழ்ச் சபைகளுக்கும் பெரிய வெள்ளியில் பழகிய மெட்டாதலால், கேட்போர் அங்கே அந்நியராயிரார்.

அவ்வாறு கேட்கையில் ஒன்று புலப்படும். பெருங்குழுவை நேசிப்பவர் திருச்சபையின் குரலை இழக்க அஞ்சுகிறார். சிறு குழுவை நேசிப்பவர் அக்குரலுக்குள் தனியாள் ஒளிந்துகொள்வதற்கு அஞ்சுகிறார். இவ்விரு அச்சங்களும் பிரசங்க பீடத்தில் நிற்போருக்கும் உரியவை. சபையை நோக்கிப் பேசும் நாம், ‘நாம் பாவிகள்’ என்று சொல்லும்போதெல்லாம் அதற்குள் ‘நான்’ என்னும் ஒற்றைக் குரல் கேட்கிறதா என்பதைச் சோதித்துப் பார்ப்பது தகும்.