சாயக் கழிவுநீர்: நிறம் போகும்; உப்பு?

ஹைதராபாத்: திருப்பூர் சாயக் கழிவுப் பிரச்னை நீதிமன்றப் படியேறிய காலத்திலேயே, ஹைதராபாதில் உள்ள மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் சாயக் கழிவை ஒளியால் சிதைக்கும் ஆய்வு நடந்து வந்தது.

தார்நாகாவில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமே (ஐஐசிடி) அந்த ஆய்வகம். 1944-இல் தொடங்கப்பட்டு, 1956-இல் சிஎஸ்ஐஆர் அமைப்பின் கீழ் வந்தது.

சுவர்ப் பூச்சுகளுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் இதில் வினையூக்கி. அதன் தாதுவான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பது. புற ஊதாக் கதிர் பட்டதும் இந்த ஆக்சைடின் பரப்பில் வீரியமிக்க ஹைட்ராக்சில் துகள்கள் உருவாகி, சாய மூலக்கூறுகளைத் துண்டாடுகின்றன. வினை முழுமையானால் எஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீரும்தான். வண்டலும் மிகக் குறைவு.

தூளாகக் கலந்தால் அதை நீரிலிருந்து பிரிப்பது கடினம். எனவே மெல்லிய படலமாகப் பூசி, சாயத் தயாரிப்பின் இடைப்பொருளான எச்-அமிலத்தை ஐஐசிடி விஞ்ஞானிகள் சிதைத்துக் காட்டினர். அம்முடிவுகள் 2003-இல் வெளியாயின.

பிறகு ஏன் ஆலைக்கு வரவில்லை? சூரிய ஒளியில் புற ஊதாக் கதிரின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதமே. அடர் நிறக் கழிவுநீரில் அதுவும் ஆழம் செல்லாது.

அதைவிடப் பெரிய தடை உப்பு. பருத்தியில் சாயம் ஏற சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் ஏராளமாகச் சேர்க்கப்படுகிறது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதில் நிறத்தைவிட இந்த உப்புக்கே பங்கு அதிகம். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னணியும் இதுவே. வினையூக்கியால் உப்பை அகற்ற முடியாது. மாறாக, குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சில் துகள்களை விழுங்கி வினையை மந்தமாக்குகின்றன. தூய நீரில் சாயத்தைக் கரைத்துச் செய்த சோதனையில் கிடைக்கும் சதவீதத்தை ஆலை வாசலில் எதிர்பார்க்க இயலாது.

ஆயினும் பயனில்லை என்று ஒதுக்குவதற்கில்லை. சவ்வூடு வடிகட்டலுக்கு முன் எஞ்சிய சாயத்தை ஒளியால் சிதைத்தால் சவ்வு அடைபடுவது குறையலாம். நிறம் நீங்கிய உப்புக் கரைசலை மீண்டும் சாயமிடவும் பயன்படுத்தலாம்.

ஆய்வகம் அறிவியல் அமைச்சகத்தின் கீழும், பின்னலாடைத் தொழில் ஜவுளி அமைச்சகத்தின் கீழும், கழிவுநீர் விதிகள் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழும் உள்ளன. உப்புடன் கூடிய திருப்பூர்க் கழிவுநீரிலேயே, பொதுச் சுத்திகரிப்பு நிலைய அளவில் சோதனை நடத்தும் பொறுப்பு யாருக்கு என்பதைத் தமிழக எம்.பி.க்கள் இம்மூன்று அமைச்சகங்களிடமும் கேட்கலாம்.