உஷார்! உங்கள் பிளாஸ்கில் வளர்வது யாருடைய செல்?

பழனிமலையின் வட்டக்கானல் சோலையிலும் பாம்பாறு சோலையிலும் வனத்துறை அனுமதியோடு இலை பறித்துப் புற்றுநோய் செல்மேல் சோதிக்கிற ஸ்காலர்களே, அவர்களுடைய கைடுகளே, இதை இன்றே படித்துவிடுங்கள். உங்கள் மூன்று வருட உழைப்பு மொத்தமும் வீணாகப் போகலாம்.

இலைக்காக என்ன பாடுபடுகிறோம்! பூவும் காயுமாக ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் போன்ற இடத்தில் கொடுத்து, இன்ன இனம்தான் என்று உறுதி செய்து எண் வாங்குகிறோம். பழனிமலைத் தாவரங்களை ஆண்டுக்கணக்காகப் பதிவு செய்த கே. எம். மேத்யூ பாதிரியார் நிறுவிய ஹெர்பேரியம் அது. அந்த ஒழுங்கு அருமையானது. ஆனால் சாற்றை ஊற்றுகிற செல்? பக்கத்து லேபில் தெரிந்த அக்கா ஒரு பிளாஸ்க் கொடுத்தார், வாங்கி வந்தோம். மேலே மார்க்கரில் எழுதியிருக்கும் பெயர்தான் அதற்கிருக்கும் ஒரே சாட்சி.

1951-ல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்தான் ஹீலா. ஒரே நாளில் இரண்டு மடங்காகும் வேகம் அதற்கு. ஒரே மீடியா பாட்டிலில் பைபெட்டை மாற்றாமல் இரண்டு முறை விட்டால் போதும், ஒரு சொட்டில் தாவிவிடும். சில பாசேஜுக்குள் பழைய செல் இருந்த சுவடே இருக்காது. 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் இதை ஆய்வாளர்கள் முன்னால் போட்டு உடைத்தார். 1974-ல் வால்டர் நெல்சன்-ரீஸ் குழு, இப்படி ஹீலாவாகிப்போன செல்களின் பட்டியலே வெளியிட்டது. ஆனாலும் நிற்கவில்லை. தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களை வைத்து எழுதிய 32,755 கட்டுரைகளை 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் கணக்கெடுத்தார்கள்.

வாய்ப்புற்று என்று நீங்கள் சோதிக்கும் கேபி செல் ஹீலா. குரல்வளைப் புற்று என்கிற ஹெப்-2-வும் ஹீலா. மார்பகப் புற்று என்று பல வருடம் உலகம் நம்பிய எம்.டி.ஏ-எம்.பி-435 தோலின் நிறமிச் செல் புற்றான மெலனோமா. இதையெல்லாம்விட என்னைப் பதற வைப்பது வேறொன்று. "எங்கள் சாறு புற்றுச் செல்லைக் கொல்கிறது, ஆரோக்கியமான செல்லைத் தொடுவதில்லை" என்று எழுத, சாங் லிவர், டபிள்யூ.ஆர்.எல்-68, இன்ட்-407 ஆகியவற்றைச் சாதாரணச் செல்களாக வைக்கிறார்கள். மூன்றுமே ஹீலாதான்! புற்றைப் புற்றோடு ஒப்பிட்டுவிட்டு மருந்து பாதுகாப்பானது என்று சொன்னால், நோயாளி வீட்டில் அதை நம்புகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் மலையில் மருந்தே இல்லை என்பதல்ல என் பேச்சு. 1972-ல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் மாப்பியா என்ற மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தில் புற்றுநோயை எதிர்க்கும் கேம்ப்டோதெசின் இருப்பதைக் காட்டினார்கள். அந்த மூலக்கூறின் வழிவந்த டோபோடெக்கானும் இரினோடெக்கானும் 1996-ல் அமெரிக்க ஒப்புதல் பெற்று இன்றும் நோயாளிகளுக்குப் போகின்றன. அந்த மரம் பட்ட பாடும் தெரிந்ததுதான். வெட்டி வெட்டியே பல இடங்களில் அருகிப்போனது. உண்மையான மருந்துக்கே இந்தக் கதி. பொய்யான ஒரு ஐ.சி.50 எண்ணை நம்பி நாளை யாராவது சோலைக்குள் அரிவாளோடு வந்தால்? பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் வட்டக்கானலில் நாற்று நாற்றாக வளர்த்துக் காத்த காடு இது.

பிளாஸ்கில் இன்னொரு திருடனும் உண்டு: மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. மீடியா கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. செல் சுவர் இல்லாததால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது, 0.22 மைக்ரான் ஃபில்டரைக்கூடத் தாண்டும். செல்லின் உணவைத் தின்று உங்கள் எம்.டி.டி எண்களைக் குலைக்கும். மாதம் ஒருமுறை பி.சி.ஆர் போன்ற சோதனை செய்தால்தான் பிடிபடும்.

லேபை நடத்துகிறவர்தான் இதற்குப் பொறுப்பு. முதல் வருட ஸ்காலர் தலையில் கட்டாதீர்கள். செல்லைப் புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் போன்ற சேமிப்பகத்திலிருந்தே வாங்குங்கள், ரசீதை ஃபைலில் வையுங்கள். வாங்குமுன், தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களைத் தொகுத்திருக்கிற ஐ.சி.எல்.ஏ.சி பட்டியலில் பெயரைத் தேடுங்கள். காசில்லாமல் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. வந்த செல்லை மைக்கோபிளாஸ்மா முடிவு தெரியும்வரை தனி இன்குபேட்டரில் வைத்து, ஆரம்ப பாசேஜிலேயே உறைய வையுங்கள். ஹூட்டில் ஒரு நேரத்தில் ஒரே செல். ஒவ்வொன்றுக்கும் தனி மீடியா பாட்டில். ஹீலா இருக்கிற லேப் என்றால் அதை அன்றைய கடைசி வேலையாகத் தொடுங்கள்.

இப்போது கையில் இருக்கிற செல்லிலிருந்து டி.என்.ஏ எடுத்து, அது யாருடைய செல் என்று காட்டும் எஸ்.டி.ஆர் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை எம்.டி.டி தட்டு ஒன்றையும் போடாதீர்கள். இதழுக்கு ஏற்கெனவே அனுப்பிய கட்டுரையில் கேபியோ சாங் லிவரோ இருந்தால், ஆசிரியருக்கு இன்றைக்கே எழுதி நிறுத்தச் சொல்லுங்கள்.